கண்மாய்க்கரையில் கொதித்த கார்

என் வயதை ஒட்டியவர்களுக்கு இது நினைவிருக்கும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது காரில் ஒரு ஊருக்குப் போவதென்றால் பாதி நேரம் காருக்குள் இருப்போம், மீதி நேரம் ரோட்டோரப் புளியமரத்தடியில் இருப்போம். பானெட் திறந்து கிடக்கும். இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல உள்ளேயிருந்து ஆவி வரும். “வண்டி கொதிச்சிருச்சு” என்று பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். யாராவது ஒருவர் வாளியோடு கிணறு தேடிப் போவார். நமக்கென்ன, அதுவும் ஒரு விளையாட்டு நேரம்தான். இன்று என் மகன்கள் ஓட்டும் காரில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை.

எனக்குத் தெரிந்துதான் ஆக வேண்டியிருந்தது. ராஜபாளையத்தில் நாங்கள் வைத்திருப்பது வண்டி உதிரிபாகக் கடை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் தலைக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கூலன்ட் கேன்கள் அடுக்கியிருக்கும். “வெறுந்தண்ணி ஊத்தாதீங்க, உள்ள துருப்பிடிக்கும், உப்புப் படியும். இது சீக்கிரத்துல கொதிக்காது” என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட எனக்கே ஒரு விஷயம் விளங்க இத்தனை காலம் ஆயிற்று. அது என் அத்தையைப் பற்றிய விஷயம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்பாவும் இதே ராஜபாளையத்தில்தான் வாடகைக் கார் ஓட்டினார். ஊரில் அதைப் பிளசர் என்பார்கள். யாரோ மில் முதலாளி வீட்டில் ஓடித் தேய்ந்து, கைமாறிக் கைமாறி எங்கள் வாசலுக்கு வந்த வண்டி. கதவைத் திறந்தால் சூடான ரெக்சின் வாசமும் பெட்ரோல் வாசமும் கலந்து வரும். எனக்கு அந்த வாசம் மிகவும் பிடிக்கும், ஆனால் வண்டி நகர்ந்ததும் வாந்தி வரும். முன்பலகையில் வட்டமாக ஒரு சூடு காட்டும் முள் இருந்தது. அது செத்துப்போய் வெகு காலம். எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் அது கீழேயே படுத்துக் கிடக்கும். அதை மாற்ற அப்பா நினைத்ததே இல்லை. வண்டியின் சூடு தன் பாதங்களுக்கே தெரியும் என்பார்.

வண்டியைப் பற்றி அப்பா ஒன்றும் தெரியாதவர் இல்லை. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று ரேடியேட்டருக்கு ஊற்றவே மாட்டார். மலையிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரைத்தான் டின்னில் பிடித்து டிக்கியில் வைத்திருப்பார். ரேடியேட்டர் எங்காவது கசிந்தால் அம்மாவின் அஞ்சறைப்பெட்டியிலிருந்து மஞ்சள்தூளை அள்ளிப் போட்டுவிடுவார். அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். அன்று எங்கள் வீட்டுக் குழம்பு வெளுத்துப் போயிருக்கும். மூடியைத் திறக்க ஈரச்சாக்கு ஒன்று தனியாக உண்டு. அந்தச் சாக்கை எங்களில் யாரும் மிதித்துவிடக் கூடாது.

கோவிலுக்குப் போகிற வண்டிக்கு முன்னால் மாலை கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மூக்குப் பகுதியில், கம்பி கம்பியாக இருக்குமே, அதன் மேல் கட்டுவார்கள். ஒருமுறை கட்டிவிட்டால் கோவில் வாசல் போய்ச் சேரும்வரை அவிழ்க்கக் கூடாது. அங்கே போனதும் கழற்றி மரத்தடியில் போட்டுவிட்டு வெறும் மூக்கோடு வண்டி திரும்பும். மற்றவர்கள் கடையில் ஒரு முழம் இரண்டு முழம் வாங்கிச் சுற்றுவார்கள். எங்கள் வண்டிக்கு மட்டும் அத்தை கட்டிய மாலை வரும்.

அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். மகள் தொட்டிலில் கிடக்கும்போதே மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆண்டாள் கோவில் பக்கத்தில் ஒரு பூக்கடையில் உட்கார்ந்து மாலை கட்டி அந்த மகளை வளர்த்தாள். தான் ஒரு பூ வைத்துக்கொள்ள மாட்டாள், அவள் கையில் மட்டும் எப்போதும் துளசி வாசமும் ஈர நார் வாசமும் இருக்கும். நாங்கள் கோவிலுக்குக் கிளம்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலமே கூடை நிறையக் கேந்திப்பூவோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். விடிந்ததும் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கட்டத் தொடங்குவாள். இரண்டு பூவுக்கு நடுவில் நார் தெரியக் கூடாது அவளுக்கு. கட்டி முடித்தால் என் இடுப்புத் தண்டிக்குப் பருமனாக இருக்கும். வண்டியின் மூக்கில் அதை மூன்று நான்கு சுற்றாக மடித்துக் கட்டினால் கம்பி ஒன்றுகூட வெளியே தெரியாது. “எங்க அண்ணன் வண்டி தேர் மாதிரிப் போகணும்” என்பாள். அப்பா முகத்தில் பெருமை தாங்காது.

ஒரு வருஷம் சித்திரையில் குலதெய்வம் கும்பிடச் சங்கரன்கோவில் பக்கம் போனோம். கரிசல் காட்டு வெயில். வண்டிக்குள் நாங்கள் அடைத்த மீன் டப்பாபோல உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் வண்டி கொதித்து நின்றது. அப்பா பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், ரப்பர் குழாயை அமுக்கிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது அதே வெயில், அதே கூட்டம், அத்தையும் கூடவே இருந்தாள். வண்டி ஒரு முனகல் இல்லாமல் வந்தது. “சாமிய பாத்தாச்சுல்ல, தோசம் கழிஞ்சிருச்சு” என்றாள் அம்மா. யாருடைய தோஷம் என்று அப்போது சொல்லவில்லை.

வைகாசியில் அத்தை வரவில்லை. கடையில் விசேஷ ஆர்டர். நாங்கள் பஜாரில் ஒரு முழம் அரளி வாங்கிச் சுற்றிக்கொண்டு குற்றாலம் வரை போய்வந்தோம். வண்டி பறந்தது. ஆடியில் அத்தை வந்தாள், இருக்கன்குடிக்குப் போனோம். சாத்தூர் தாண்டுவதற்குள் பானெட் இடுக்கெல்லாம் ஆவி. அம்மா இறங்கி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, அத்தைக்குக் கேட்கிற தூரத்தில்தான் சொன்னாள்.

“உங்க தங்கச்சி ஏறுனா வண்டி தாங்க மாட்டேங்குது. நான் சொன்னா பொல்லாப்பு.”

அப்பா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. அத்தை புளியமரத்துக்குப் பின்னால் போய், வண்டி தன் பார்வையில் படாதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் போய் மடியில் படுத்தேன். “ஏட்டி, அங்கிட்டுப் போ. எங்கிட்ட இருக்காத” என்றாள். அவளும் நம்பிவிட்டாள் என்பது இப்போது புரிகிறது. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆவணியில் அத்தை மகளுக்குக் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே திருவண்ணாமலை என்று ஒரு சின்னக் குன்று, அதன் மேல் இருக்கும் பெருமாள் கோவிலில் தாலி கட்டு. தகப்பன் இல்லாத பிள்ளை என்பதால் தாய்மாமன் வீடான எங்கள் வீட்டிலிருந்துதான் பெண் அழைத்துப் போக ஏற்பாடு. அத்தையும் மகளும் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அந்த நாட்களில் அத்தை சிரித்ததுபோல அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அவள் வாழ்ந்த வாழ்க்கைக்கு வரவு என்று இருந்தது அந்த ஒரு மகள்தான். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று அவள் கட்டிய மாலை அதுவரை கட்டியதிலேயே பெரியது. கேந்தி, துளசி, மருக்கொழுந்து, நடுவில் செவ்வந்தி. அதை வண்டியில் கட்டி முடித்துவிட்டு, புதுச்சேலையில் தண்ணீர் படாமல் கையைத் துடைத்துக்கொண்டு பின்கதவுப் பக்கம் வந்தாள். அப்பா கதவைப் பிடித்தபடி நின்றார்.

“ஏத்தா, நீ பஸ்ல வந்துரு. மாப்ள வீட்டாளுக முன்னமே அங்க வந்து காத்திருப்பாக. வழியில வண்டி நின்னுட்டா மானம் போயிரும்.”

“சரிண்ணே.”

“கோவிச்சுக்கிடாத.”

“அதெல்லாம் இல்லண்ணே. வண்டி நிக்காமப் போய்ச் சேந்தாப் போதும். நான் பொறத்தாலேயே வாரேன்.”

அவள் தூக்குவாளியில் மகளுக்கு வைக்க மல்லிகைப்பூ இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

நாங்கள் மேளத்துக்குப் பின்னால் பஜார் முழுக்க ஊர்ந்து ஊர்ந்து போனோம். வண்டி முதல் கியரைத் தாண்டவில்லை. ஊரைத் தாண்டி, மில் காம்பவுண்டைத் தாண்டி, கண்மாய்க்கரை ஏறியதும் கொதித்தது. அத்தை வண்டியில் இல்லை. அப்போதாவது யாருக்காவது உறைத்திருக்க வேண்டும். “மாலை அவ கையால கட்டுனதுல்ல” என்றாள் அம்மா. எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுத் தவறவிட்டார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. மாலையைச் சொன்னார்கள், ஆனால் அது காற்றை மறைக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அவசரத்தில் டின்னில் தண்ணீர் நிரப்ப மறந்திருந்தார் அப்பா. கரையிலிருந்து கண்மாய்க்குள் இறங்க எல்லோரும் பட்டும் சரிகையுமாகத் தயங்கிக்கொண்டிருந்தபோது டவுன் பஸ் வந்தது. நாங்கள் நிற்பதைப் பார்த்து அத்தை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். தூக்குவாளியில் இருந்த மல்லிகையை மடியில் கொட்டிக் கட்டிக்கொண்டு, கரையில் சரிந்து இறங்கித் தண்ணீர் மொண்டு வந்தாள். கண்டக்டர் விசில் அடித்துப் பார்த்தார். பஸ் போய்விட்டது.

“கிட்ட வராத, அங்கனயே வையி” என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்திலிருந்து துணைக்கு வந்திருந்த ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

அத்தை ரோட்டில் வாளியை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அப்பா வந்து எடுத்துக்கொண்டு போய் ஊற்றினார். காலி வாளியைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார். அத்தை மறுபடி இறங்கினாள். இப்படிப் பல நடை. அவள் மொண்டு வந்த தண்ணீர் வேண்டியிருந்தது, அவள் வேண்டியிருக்கவில்லை. காருக்குள் அத்தை மகள் நெற்றிச்சுட்டியோடு குனிந்து அழுதுகொண்டிருந்தாள். மை கரையும் என்று அம்மா அதட்டினாள்.

எஞ்சின் உறுமியது. எல்லோரும் ஏறினார்கள். “அத்தை ஏறலையா?” என்று நான் கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். வண்டி கிளம்பியது. அத்தை ஈரச்சேலையோடு காலி வாளியைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். எங்களைப் பார்த்துச் சீக்கிரம் போங்கள் என்று கையை வீசினாள்.

அடுத்த பஸ் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, அங்கிருந்து அவள் நடந்து வந்து சேர்ந்தபோது கெட்டிமேளம் அடங்கி, பந்தி முதல் வரிசை எழுந்துவிட்டது. மடியை அவிழ்த்து மல்லிகையை எடுத்தாள். பாதி நசுங்கியிருந்தது. நல்லதாகப் பொறுக்கி மகள் தலையில் வைத்தாள். அந்தத் தூக்குவாளியை அவள் எங்கே தொலைத்தாளோ, அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தை சொந்தக்காரர்கள் யாருடைய வண்டியிலும் ஏறவில்லை. பேரப்பிள்ளைகள் பிறந்தபோதும், எங்கள் அப்பா செத்தபோதும் பஸ்ஸில்தான் வந்தாள். கேட்டால் சிரிப்பாள். “பஸ்ஸுல அம்புட்டுப் பேரு ஏறுதாக. அம்புட்டுப் பேரு ராசிக்கு முன்ன எந்தலையெழுத்து எந்த மூலைக்கு?” என்பாள். கேட்கிறவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். இன்று மகள் வீட்டோடு ராஜபாளையத்தில் இருக்கிறாள். முழங்கால் போய்விட்டது. பஸ் படியில் கால் வைக்க முடியாது.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. மலைக்கோவிலுக்குப் போகும் வேன் ஒன்று ஆவி விட்டுக்கொண்டே எங்கள் கடை முன்னால் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, “அக்கா, ஒரு கூலன்ட் குடுங்க. கொதிச்சுத் தள்ளுது. இன்னைக்கு யாரு ராசியோ தெரியல” என்றான். வேனின் முகம் முழுக்க மஞ்சள் துணி பேனர். அதன் மேல் ஒரு ஆள் தண்டி மாலை.

“கூலன்ட் தாரேன், ஆறுனப்பொறவு ஊத்து. மொதல்ல அந்த மாலையையும் துணியையும் அவுரு. எஞ்சினைச் சுத்தி ஓடி சூட்டை வாங்கிட்டு வர்ற தண்ணி, முன்னால ரேடியேட்டர்ல வந்துதான் ஆறணும். அதை ஆத்துறது காத்து. காத்து வர்ற வாசலை அடைச்சு வச்சுட்டு எந்தக் கம்பெனி கூலன்ட் ஊத்துனாலும் கொதிக்கத்தான் செய்யும்” என்றேன். எத்தனையோ பேரிடம் சொன்னதுதான்.

“கோயிலுக்குப் போகுமுன்ன மாலைய அவுக்கக் கூடாதேக்கா” என்றான்.

அவன் போன பிறகு வெகுநேரம் நான் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. ராசி என்ற சொல்லும் மாலையும் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தன. சித்திரை, ஆடி, ஆவணி மூன்றிலும் அத்தையின் மாலை. வைகாசியில் ஒரு முழம் அரளி. திரும்பி வரும்போதெல்லாம் வெறும் மூக்கு. அப்பா கெட்டவர் இல்லை. பெல்ட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். சாமிக்குக் கட்டியதை மட்டும் சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை. தங்கையைச் சந்தேகப்பட வந்தது.

ஐப்பசியில் அத்தையின் கடைசிப் பேரனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள், அவன் அம்மாவுக்குத் தாலி கட்டிய அதே மலைக்கோவிலில். “நான் வரல, வீட்லருந்தே கும்பிட்டுக்கிடுதேன். ஏறி, வழியில நின்னு, பிள்ளைக்கு முகூர்த்தம் தப்பிறக் கூடாது” என்று அத்தை பிடிவாதமாக இருந்தாள். அவள் மகள் என்னிடம் வந்து அழுதாள். நான் போனேன். உண்மையைச் சொன்னால் ராசி என்ற பழி போகும். ஆனால் அவள் ஆசையாகக் கட்டிய மாலைதான் காரணம் என்று சொல்ல வேண்டிவரும். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

“அத்தே, அன்னைக்கு வண்டி கொதிச்சது ஒங்களால இல்ல. மூக்குல கட்டியிருந்த மாலை காத்தை அடைச்சிருச்சு. அதான் தண்ணி ஆறல.”

“எந்த மாலை?”

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. “நீங்க கட்டுனது” என்றேன்.

அவள் விரல்கள் சேலை ஓரத்தைப் பூவைப்போல எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தன. “நெருக்கமாத்தான் கட்டுவேன்” என்றாள். பிறகு, “அவுத்தா ஆறியிருக்குமோ?” என்று கேட்டாள்.

“ஆறியிருக்கும் அத்தே.”

“அப்போ மாலைய எறக்கிட்டு என்னைய ஏத்தியிருக்கலாம்.”

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான்தான் அழுதேன். “எங்கண்ணனுக்கு இது தெரியாதுட்டி பாவம்” என்று அவள் என் முதுகைத் தடவினாள்.

கல்யாணத்தன்று நான்தான் கார் ஓட்டினேன். அத்தை முன் சீட்டில். ஒரு சின்ன மாலை கட்டியிருந்தாள், அதை மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். சூடு காட்டும் முள்ளைக் காட்டி, “இது நடுவுலயே நிக்கும், மேல போகாது” என்றேன். அவள் பஜாரைப் பார்க்கவில்லை, மேளத்தைப் பார்க்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து போன அவ்வளவு நேரமும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது அசையவில்லை.

ஊரைத் தாண்டினோம். ரோடு அகலமாகிவிட்டது, புளியமரங்கள் போய்விட்டன. கண்மாய்க்கரை ஏறும்போது அவள் கை என் முழங்கை மேல் வந்து பிடித்தது.

“இங்கனதான்” என்றாள்.

வேகத்தைக் குறைத்தேன். “நிப்பாட்டவா அத்தே?”

அவள் வெளியே பார்த்தாள். பிறகு முள்ளை ஒருமுறை பார்த்தாள்.

“வேண்டாம்ட்டி. நிக்காமப் போ.”